கன்று நட்ட பிறகு யார் தண்ணி ஊத்துறது? – சல்காடோவை முன்வைத்து

ஒவ்வொரு வருடமும் ஜூன் 5 வந்தால் எங்கட ஃபேஸ்புக் பச்சையாகிவிடும். ஒரு பதாகை, ஒரு பிரதம விருந்தினர், ஒரு மரக்கன்று, அதைச் சுற்றிப் பத்துப் பேர், ஒரு படம். நாங்களும் அப்படி நின்றவர்கள்தான். பாடசாலைக் காலத்தில் நாங்கள் நட்ட கன்றுகளில் எத்தனை இப்போது உயிரோடு இருக்கின்றன என்று அண்மையில் எங்களுக்குள் கேட்டுப் பார்த்தோம். ஒருத்தருக்கும் தெரியேல்ல. போன வருசக் குழிக்குள்ளேயே அடுத்த வருசமும் நட்டதாக ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

'த சோல்ட் ஒஃப் த ஏர்த்' என்ற ஆவணப்படத்தைச் சேர்ந்திருந்து பார்த்த அன்றுதான் இந்தக் கதை வந்தது. பிரேசிலியப் புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோவைப் பற்றி அவருடைய மகன் ஜூலியானோவும் விம் வெண்டர்ஸும் சேர்ந்து 2014 இல் எடுத்த படம். சல்காடோ 2025 மே மாதம் பாரிஸில் காலமானார்.

1944 இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் ஐமொரேஸில் பிறந்தவர். பொருளியல் படித்து, வேலையிலும் இருந்து, 1973 இல் அதை விட்டுவிட்டுக் கமராவோடு இறங்கினார். செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேற்று மூட்டைகளோடு ஏணியேறும் மனிதர்கள், சாகெல் பஞ்சம், அகதிகள் என்று பல வருடங்கள் மனிதரையே எடுத்தார். 1994 ருவாண்டா இனப்படுகொலை அவரை உடைத்தது. உடம்பும் விழுந்தது. 'உனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, ஆனால் இதை நிறுத்தாவிட்டால் செத்துப்போவாய்' என்ற பொருளில் வைத்தியர் சொன்னதாக அவரே பின்னர் கதைத்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்பினால் அங்கேயும் அதே நிலைமை. சிறுவயதில் பாதிக்குப் பாதி காடாக இருந்த அப்பாவின் மாட்டுப்பண்ணை மொட்டையாகிக் கிடந்தது. மரங்கள் போயிருந்தன, ஊற்றுகள் வற்றியிருந்தன. தன்னைப் போலவே நிலமும் நோயில் கிடந்தது என்றார் அவர். 'இங்கே திரும்பக் காட்டை வளர்ப்போம்' என்றது அவருடைய மனைவி லேலியா. 1998 இல் இருவரும் 'இன்ஸ்டிடியூட்டோ தெர்ரா' என்ற அமைப்பைத் தொடங்கி, அடுத்த வருடமே நடத் தொடங்கினார்கள். இதுவரை நட்டவை 20 இலட்சத்துக்கும் மேல். பறவைகள் வந்தன, விலங்குகள் வந்தன, தண்ணீரும் வந்தது.

இவ்வளவும் இணையத்தில் 'முன்பு – பின்பு' என்று இரண்டு படங்களாகச் சுற்றுகிற கதை. எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்த இரண்டு படத்துக்கும் நடுவில் இருக்கிற வருடங்கள்தான். முதலில் நட்டவற்றில் பெருமளவு செத்துப்போயின. கையில் கிடைத்த மரத்தை எல்லாம் நட்டுவிட்டுப் போக ஏலாது. அந்த அட்லாண்டிக் மழைக்காட்டுக்கே உரிய இனங்களைத் தேடி விதை சேர்க்க வேண்டும், சொந்தமாக நாற்றுமேடை போட வேண்டும், செத்த இடத்தில் திரும்பவும் நட வேண்டும். படம் எடுக்க ஒரு விநாடி போதும். காட்டுக்கு அது காணாது.

மரம் நட்ட அனுபவம் அவருடைய கமராவையும் மாற்றியது. அதுவரை மனிதர் என்ற ஒரேயொரு இனத்தைத்தான் எடுத்திருக்கிறேன், இனி மற்றவர்களையும் எடுப்பேன் என்று 'ஜெனசிஸ்' தொடருக்காகக் கிளம்பினார். கலாபகோஸ் தீவில் ஒரு இராட்சத ஆமை இவரைக் கண்டதும் விலகி விலகிப் போனதாம். பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி ஆமையின் உயரத்துக்கு இறங்கினார். அது விலகினால் தானும் பின்வாங்கினார். அதுக்குப் பிறகுதான் ஆமை நின்றது. எங்களுக்கு இந்த இடம் முக்கியம். 'இயற்கையைக் காப்போம்' என்று சொல்லும்போதே நாங்கள் மேலே நின்றுதான் கதைக்கிறோம். குனிந்து பார்க்கிறவருக்குத் தானும் அந்தக் கூட்டத்தில் ஒரு பிராணி என்பது விளங்கும்.

ஆனால் சல்காடோவை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் எங்களால் முடியவில்லை. ஜெனசிஸ் கண்காட்சிக்கு அனுசரணை வழங்கியது 'வாலே' என்ற பிரேசில் சுரங்கக் கம்பனி. 2015 நவம்பர் 5 இல் அதே மினாஸ் ஜெராய்ஸில், வாலேயும் பிஎச்பியும் சேர்ந்து வைத்திருந்த சமார்கோ நிறுவனத்தின் இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். கழிவுச் சேறு ரியோ டோசே ஆறு வழியாகக் கடல்வரை போனது. அது ஐமொரேஸ் ஊடாகப் போகும் ஆறு. அந்த ஆற்றுப் படுகை முழுவதையும் கம்பனிகளின் செலவில் மீட்க வேண்டும் என்று சல்காடோ குரல் கொடுத்தார், உண்மைதான். ஆனாலும் கேள்வி இருக்கிறது. மலையைக் குடைகிறவனின் காசில் மலையின் அழகைத் தொங்கவிட்டுக் காட்டினால், பார்க்கிறவருக்கு யார்மேல் கோபம் வரும்? ஒருத்தர்மேலயும் வராது. அழகாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போவம்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: சல்காடோவின் படங்களைவிட அவருடைய காடு பெரிய படைப்பு. ஆனால் அந்தக் காடுகூட, ஆற்றின் மேற்பக்கத்தில் நடப்பதைக் கேட்காமல் இருப்பதற்குச் சாட்டு ஆகக்கூடாது. நடுகிற கையும் கேள்வி கேட்கிற வாயும் ஒரே ஆளுக்கு இருக்க வேண்டும்.

யுத்தம் தறித்த பனைகளின் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குற்றிகளாகி பங்கருக்குள் போனவை எத்தனை, ஷெல் பட்டு வட்டு இல்லாமல் நின்றவை எத்தனை. மனிதரின் காயமும் நிலத்தின் காயமும் ஒன்று என்பதை எங்களுக்குச் சொல்லித்தர பிரேசிலில் இருந்து ஆள் வரத் தேவையில்லை. ஆறுவதற்கு எவ்வளவு காலம் செல்லும், அதுவரை ஆர் பக்கத்தில் நிற்கவேணும் என்பதைத்தான் அந்தக் காட்டில் இருந்து படிக்கலாம்.

ஜூன் மாதம் எங்கட பக்கம் சோளகம் அடிக்கிற காலம். மண் காய்ந்து கிடக்கும். அந்த வெயிலில் கன்றை நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால் அது சாகாமல் என்ன செய்யும்? மாரி தொடங்க நடுவோம். வேம்போ, மருதோ, புங்கையோ, அந்த மண்ணுக்குரியதை நடுவோம். பதாகைக் காசில் ஒரு கொப்பி வாங்கி, எந்தக் கன்றுக்கு எந்தக் கிழமை யார் தண்ணி ஊத்துறது எண்டு எழுதுவோம். படம் பிறகு எடுக்கலாம், ஐந்து வருசம் கழித்து, அதன் நிழலில் நின்று.