கிளிக்குப் பழகிய உணவும் பழக்க வேண்டிய உணவும்

பள்ளி விடுமுறையில் வாசிப்புத் திட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று அமர்ந்தேன். வீட்டுக் கூடத்தில் இருக்கும் பச்சைக்கிளி வேறொரு பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் கிளிக்கு ஒன்பது வயது. தோட்டத்தில் பல்லாண்டு பால்மரம் சீவிய என் அத்தை (கணவரின் தாயார்) குனோங் ராபாட்டுக்குக் குடிவந்த பின், அவருக்குப் பேச்சுத்துணை அதுவே. காலையில் கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை. மாலைத் தேநீர் வேளையில், நம் வட்டாரத்தில் பெயர்பெற்ற ஹியோங் பியாவில் ஒரு துண்டு. இந்த அன்பில் யார் குறை காண்பார்? கிளியின் மூக்கில் நீர் வடிந்து, இறகுகள் மங்கும் வரை நானும் காணவில்லை.

பரிசோதித்த கால்நடை மருத்துவர் உணவைத்தான் முதலில் விசாரித்தார். விதையில் கொழுப்பு மிகுதி; வைட்டமின் ஏ சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. விதையை மட்டுமே தின்னும் கிளிக்கு ஈரலில் கொழுப்பு படியும். மூக்கு, வாய், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்படலம் கெட்டு நோய் எளிதில் தொற்றும். சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் வாழ்ந்துகொண்டு, சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று கேட்டபோது வெட்கமாக இருந்தது.

அவர் பரிந்துரைத்தது 'பெல்லட்' எனப்படும் தீவன உருண்டை. தானியம், பருப்பு, உயிர்ச்சத்து, தாது ஆகியவற்றை அரைத்துக் கலந்து செய்வது. பல விதைகளைக் கலந்து வைத்தால் கிளி தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். உருண்டையில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு கடியிலும் எல்லாச் சத்தும் இருக்கும்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். பசித்தால் தின்னும் என்று விதைக் கிண்ணத்தை ஒரேயடியாக எடுத்துவிட்டேன். கிளி உருண்டைகளைக் கடித்துத் தூளாக்கியது, தின்னவில்லை. கிண்ணத்தில் கிடந்த தூளைப் பார்த்து நான் ஏமாந்தேன். இரண்டே நாளில் 124 கிராம் எடை 115 கிராம் ஆனது. "வாயில்லாப் பிராணியைப் பட்டினி போடாதே, அம்மா," என்றார் அத்தை. அவர் சொன்னது முற்றிலும் சரி. விதை மட்டுமே உணவென்று அறிந்த பறவை, புதியதை உணவென்றே உணராமல் பட்டினியால் இறந்தும் போகலாம்.

பிறகு மருத்துவர் சொன்ன முறைக்குத் திரும்பினோம். நாள்தோறும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்தோம். பத்து விழுக்காடு குறைந்தால் முயற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். காலை நேரத்தில் உருண்டை, மாலையில் அளவோடு விதை. உருண்டையைப் பொடித்து, ஈரமான கேரட் துருவலிலும் கங்கோங் கீரையிலும் தூவினோம். எச்சத்தின் அளவையும் நிறத்தையும் கவனித்தோம்.

ஆயினும், கிளியை மாற்றியது நானல்லேன், அத்தைதான். கிளி கூடி வாழும் பறவை; துணை தின்பதைப் பார்த்தே தானும் தின்னும். அத்தை ஓர் உருண்டையை வாயருகே வைத்து, சுவைப்பதுபோல் பாவனை செய்து, "எனக்குத்தான்," என்பார். பதினொன்றாம் நாள் கிளி அதைப் பிடுங்கித் தின்றது. முழுமையாகப் பழக ஏழு வாரங்கள் ஆயின. இன்றும் உருண்டையோடு காய்கறியும் கீரையும் உண்டு. விதை பரிசாக மட்டுமே. அவகாடோவும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சு. அவை கூண்டருகே வரலாகாது.

காட்டுக் கிளிகள் தீவன உருண்டையா தின்கின்றன என்று சிலர் வினவுவர். சென்னை இராயப்பேட்டையில் 'கேமரா' சேகர் என்பார் தம் வீட்டு மாடியில் ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு அரிசி வைத்துப் புகழ்பெற்றார். அக்கிளிகள் அரிசியைத் தின்றபின் பறந்துபோய்க் காயும் கனியும் தளிரும் தேடிக்கொள்ளும். கூண்டுக் கிளிக்கு அந்த உரிமை இல்லை. நாம் வைப்பதே அதன் உலகம். ஆகவே, கூண்டில் வைத்தவருக்கே முழுப் பொறுப்பு. கிளி வாங்க எண்ணுவோர், எவ்வினத்துக்கு எந்த உரிமம் தேவை என்பதைப் பெர்ஹிலித்தானிடம் முதலில் கேட்டறிவதும் அப்பொறுப்பில் அடங்கும்.

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பர். ஒன்பது வயதுக் கிளி அதைப் பொய்யாக்கியது. கீரையைக் கண்டால் முகம் சுளிக்கும் மாணவரைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாள்தோறும் காண்கிறோம். மிரட்டுவதும், "அவன் தின்னமாட்டான்" என்று கைவிடுவதும் எளிது. உடன் அமர்ந்து உண்பது கடினம். பெற்றோர்களே, அடுத்தமுறை பிள்ளையின் தட்டில் கீரை வைக்கும்போது, உங்கள் தட்டிலும் சிறிது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உடன் அமர்த்துங்கள்.