பழி பாட்டிலுக்கு, லாபம் யாருக்கு?

"குடிகாரனுக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கும்?" இந்தப் பேச்சை ஆலை வாசலிலும் கேட்கிறோம், ஊர்ச் சாவடியிலும் கேட்கிறோம். இதற்கும் முன்னால் ஒரு பேச்சு உண்டு. பிள்ளை இல்லையென்றால் முதலில் பெண்ணைத்தான் மலடி என்பார்கள். அவளைக் கோயில் கோயிலாக அலையவிட்டு, அவளிடம் குறையில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே ஆண் பக்கம் திரும்புவார்கள். திரும்பியவுடன் கண்ணில் படுவது அவன் கையிலுள்ள கிளாஸ். பகல் பூராவும் அவன் எந்தச் சரக்கில் கை வைத்துப் பிழைக்கிறான் என்று கேட்பாரில்லை.

நாம் கேட்போம். ரெக்சின், வயர் உறை, தரை விரிப்பு, வளையும் குழாய் இவையெல்லாம் பி.வி.சி. சரக்குகள். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க ஓர் எண்ணெயைக் கலக்கிறார்கள். பட்டறையில் அதற்கு டி.ஓ.பி. ஆயில் என்று பெயர். விஞ்ஞானிகள் தாலேட் என்ற இனத்தில் சேர்க்கிறார்கள். மெத்தென்ற சரக்கில் எடைக்கு நூற்றுக்கு 30, 40 பங்கு வரை இந்த எண்ணெயே இருக்கும். அது பிளாஸ்டிக்கோடு பிணைந்து விடுவதில்லை. பஞ்சில் ஊறிய எண்ணெய் போல உள்ளே நிற்கிறது. சூடு பட்டால் ஆவியாகக் கிளம்பும். சாராயம் பட்டால் கரைந்து இறங்கும்.

உடம்புக்குள் போனால் என்ன செய்கிறது? குடலும் ஈரலும் அதை உடைக்கின்றன. உடைந்த பொருள் ரத்தத்தோடு விதைக்குப் போய், ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரானைச் சுரக்கும் அணுக்களையும், விந்தணுவை ஊட்டி வளர்க்கும் அணுக்களையும் தாக்குகிறது. மிதமிஞ்சிய சாராயமும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது. போதாததற்கு, சாராயத்தை எரிக்கும் ஈரல் நொதி ஒன்றுக்கு இந்த எண்ணெயின் சிதைவுப் பொருளை மாற்றிக் கழிப்பதிலும் பங்கு உண்டு. ஒரே ஆள் தலையில் இரண்டு மூட்டை! விந்தணு ஒன்று உருவாகி முதிர 70 நாளுக்கு மேல் ஆகிறது. ஆகவே இன்று பட்ட அடி இன்றே தெரியாது. அது முதலாளிக்கு ரொம்ப வசதி.

சீனாவில் பி.வி.சி. தரை விரிப்பு ஆலை ஒன்றில் வேலை செய்த 74 ஆண் தொழிலாளர்களைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்தது 63 கட்டுமானத் தொழிலாளர்களோடு. அவர்களும் உடம்பு நோக உழைக்கிறவர்களே. மெத்தையில் படுத்திருந்த கனவான்கள் அல்லர். விரிப்பு ஆலைக்காரர்களின் மூத்திரத்தில் எண்ணெயின் சிதைவுப் பொருள் மிக அதிகம். ரத்தத்தில் கட்டின்றி ஓடும் டெஸ்டோஸ்டிரான் குறைவு. கழிவு ஏற ஏறச் சுரப்பு இறங்கியதையும் கண்டார்கள். இதற்கும் பாட்டில்தான் காரணமா?

பாட்டிலின் கதையையும் பார்ப்போம். அதே சீனாவில் 2012 நவம்பரில், ஹுனான் மாகாணத்து ஜியுகுய் ஆலையின் சாராயத்தில் டி.பி.பி. என்ற தாலேட் கிலோவுக்கு 1.08 மில்லிகிராம் வரை இருப்பது அம்பலமாயிற்று. வைத்த அளவு 0.3தான். எங்கிருந்து வந்தது? ஆலையின் பிளாஸ்டிக் குழாய்களிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும்தான் என்று சாராயத் தொழில் வட்டாரமே சொன்னது. நம் வயல்காட்டு மோட்டாரில் மாட்டுகிறோமே, வளையும் குழாய், அந்த ஜாதிச் சரக்கு! ஆலை சொன்ன சமாதானம்தான் வேடிக்கை: தினம் அரைக் கிலோ குடித்தாலும் அதிலுள்ள டி.பி.பி.யால் கெடுதல் இல்லையாம். அந்த அரைக் கிலோவிலுள்ள சாராயத்தை யார் கணக்கில் எழுதினார்கள்? எண்ணெய் தனிக் கணக்கு, சாராயம் தனிக் கணக்கு. உடம்பு மட்டும் ஒன்று.

இந்தத் தனிக் கணக்கே எல்லா ஆலை முதலாளிகளுக்கும் கேடயம். குடிக்கிற தொழிலாளி முறையிட்டால் "குடித்தாய், கெட்டாய்" என்கிறான். குடிக்காதவன் முறையிட்டால் "நிரூபி" என்கிறான். நாம் சொல்கிறோம்: குடிப்பவன் ஈரல் ஏற்கெனவே பாரம் சுமக்கிறது என்று தெரிந்தால், ஆவியைக் குறைக்க வேண்டிய கடமை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. ஐரோப்பாவில் குழந்தை பொம்மையில் இந்த எண்ணெய் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று 2005-ல் சட்டம் செய்தார்கள், அமெரிக்காவில் 2008-ல். நல்ல காரியம். ஆனால் அதே அமெரிக்காவில் ஆலைக் காற்றில் கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் டி.ஓ.பி. வரை இன்றும் சட்டம் அனுமதிக்கிறது. பொம்மைக்குள்ள கரிசனம் பொம்மை செய்கிறவனுக்கு இல்லை.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி நாளில் குடிப்பதை ஆண்மை என்று பீற்றுகிறவர்கள் உண்டு. அந்த ஆண்மையின் ஊற்றையே அது அடைக்கிறது என்பதை மறைத்துப் பேச நாம் தயாரில்லை. குறைக்க முடிந்தவன் குறைக்கட்டும், விட முடிந்தவன் விடட்டும். வளையும் குழாயில் சாராயத்தை இறக்குவதும், மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் ஊற்றி வைப்பதும் அடியோடு கூடாது. ஆனால் குடியை விட்டவனும் மறுநாள் காலை அதே கலவை மெஷின் முன்தானே நிற்கிறான்? மெஷினுக்கு மேல் ஆவியை இழுக்கும் மின்விசிறியும், கைக்கு உறையும், வேலை முடிந்து கழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுப்பது யார் பொறுப்பு? சங்கம் இதைக் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்குக் கீழே ஒளித்து வைக்காமல் மேலே எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "குடிப்பாயா?" என்று கேட்டால் உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள். அதோடு, எத்தனை வருஷமாக எந்த எண்ணெயைக் கலக்குகிறீர்கள் என்பதையும் அவர் கேட்காமலே சொல்லி, இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டின் நகல் ஒன்று சங்கத்துக்கு வரட்டும்.