பாய் சுருண்டது, சொல்லும் சுருளலாமா?

ஒரு மொழியின் சொற்கள் ஏட்டில் மட்டும் பிறப்பனவல்ல. தொழிலிற் பிறந்து, வாயில் வளர்ந்து, பின்னரே ஏடேறுகின்றன. உழவன் மண்ணை மிதித்துச் சொல் படைத்தான். பரதவன் அலையை மிதித்துச் சொல் படைத்தான். கடலுக்கென நெய்தல் என்றொரு திணையே வகுத்த தமிழினம், தோணி, அம்பி, பஃறி, ஓடம், நாவாய், வங்கம் எனக் கலத்திற்குப் பல பெயர் வைத்திருந்தமை அக் கடல்வாழ்வின் பயனேயாம்.

பாய்மரக் கலத்திற்குப் பொறியின் இரைச்சல் இல்லை. வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமுமே அதன் விசை. ஆகலின், அதிற் சென்றவன் கடலுயிர்களை அண்மையிற் கண்டான். ஓங்கிற் கூட்டம் அணியம் தள்ளும் அலைமீதேறிக் கலத்தோடு கூடவே ஓடிவரும். கடற்புல் மேயும் ஆவுளியா சில மணித்துளிக்கொருமுறை மூச்செடுக்க மேலெழும். மீனினத்துள் மிகப் பெரிதாய், 40 அடியளவும் வளரும் அம்மணி உழுவை, வாயகலத் திறந்து நுண்ணுயிரிகளை வடித்துண்டு மெல்ல நீந்தும். ஆமைகளையோ பேராமை, அழுங்காமை, சிற்றாமை, தோணியாமை எனப் பிரித்தறிந்து பெயரிட்டான். இப் பெயர்களை எந்தக் கழகமும் கூடி ஆக்கவில்லை. கண்டவன் கண்டவாறு இட்டவை அவை.

இவற்றின் இன்றைய நிலை என்ன? ஓங்கிலைப் பாடநூலும் செய்தித்தாளும் 'டால்பின்' என்கின்றன. 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் இறந்து ஒதுங்கின. தமிழ்ச் செய்தித்தாள்கள் அவற்றை 'ஆலிவ் ரிட்லி' என்றே எழுதின. அக் கரையிலேயே பங்குனியாமை என்று அதனை அழைக்கும் மீனவரை ஒரு சொல் கேட்டிருந்தால் போதுமே! 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை, இந்தியாவிலேயே முதன்முறையாக, ஆவுளியாவுக்கெனத் தமிழ்நாட்டரசு ஒதுக்கியது. போற்றத்தக்க செயல். ஆயின், அறிவிப்பில் இடம்பெற்ற பெயர் 'கடற்பசு'! ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு அது. அதிலும் பின்பாதி வடசொல். எவ்வுயிரைக் காக்க முனைந்தார்களோ, அவ்வுயிரின் பெயரைக் காக்க மறந்தார்கள்.

அயலாரோ தமிழ்ப் பெயரை மறக்கவில்லை. கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையிற் கண்ட ஆங்கிலக் கடலோடி தாம்பியர், 1697-இல் வெளிவந்த தம் செலவு நூலில் அப் பெயரையே எழுதினார். இன்று இரட்டை உடற் பாய்க்கலங்களையெல்லாம் உலகம் அப் பெயராலேயே அழைக்கின்றது. உலகம் ஏற்றுக்கொண்ட வாய்க்குச் சொந்தக்காரன் சொன்ன 'ஓங்கில்' மட்டும் தமிழ்ப் பள்ளிக்குள் நுழையத் தகுதியற்றதோ?

பெயர் மறைவதற்கு ஏது, காட்சி மறைவதே. விசைப்படகு வந்தது, பாய் சுருண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகக் கட்டுமரமும் அருகியது. முன்பு கலத்தருகே வந்து மூச்செறிந்த ஆமை, இன்று இழுவலைக்குள் சிக்கி, மேலெழுந்து மூச்செடுக்க இயலாது மாள்கின்றது. ஆவுளியா மேயும் புல்வெளியையும் அவ் வலை அரித்தெடுக்கின்றது. உயிர் அழியப் பெயர் அழியும். பெயரழிந்தபின் உயிர் அழிந்ததையும் எவரும் உணரார்.

மீனவர் மீண்டும் பாய் விரித்துத்தான் பிழைக்க வேண்டுமென்று எவரும் கூறார். கடும் உழைப்பைக் குறைக்கும் பொறியை அவர்க்கு மறுக்கும் உரிமை, கரையில் நிழலில் அமர்ந்திருப்போர்க்கு இல்லை. ஆனால், ஆமை வெளியேற வழியுடைய வலையைக் கட்டாயமாக்குவதும், இழுவலையைப் புல்வெளிக்கு அப்பால் நிறுத்துவதும் அரசின் கடன்.

தமிழ்ப் புலவர்க்கும் ஒரு கடன் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் வழக்குச்சொற்கள் பல விடுபட்டமையைப் பாவாணர் கடிந்தெழுதினார். அக் குறை கடற்கரையில் இன்னும் தீரவில்லை. அயற்சொல்லைக் கண்டவுடன் நாற்காலியில் அமர்ந்து புதுச்சொல் புனைவது எளிது. தூய தமிழ்த் தொண்டு அதனோடு முடிவதன்று. பழவேற்காடு முதல் குமரி வரை, பாய் விரித்துக் கடலோடிய முதியோர் இன்னும் சிலர் உளர். கலத்தின் உறுப்பு, காற்றின் வகை, நீரோட்டம், மீன், ஆமை, பறவை ஆகிய ஒவ்வொன்றின் பெயரையும் அவர்கள் வாயினின்று கேட்டெழுத வேண்டும். ஊர்தோறும் உள்ள தமிழன்பர் இருவர் மூவர் கூடினாலே இது கைகூடும். தொகுத்தவை பாடநூலுக்கும் அரசாணைக்கும் செல்ல வேண்டும்.

அம் முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர்; அவர்களோடு ஓர் அகரமுதலியும் மறைகின்றது. தமிழ் காப்போர் கடற்கரைக்குச் செல்க! கற்பிக்க அன்று, கற்க!