சீட்டில் துண்டு, மெயிலுக்கு லாக்!

திருவிழா நேரம். பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்புகிறது. அது நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு பறந்து போய் சீட்டில் விழுகிறது. அவ்வளவுதான், சீட் பிடித்தாயிற்று. கதவுப் பக்கம் முண்டியடித்து ஏறி வருகிறவர் துண்டைப் பார்த்ததும் முனகிக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போகிறார். துண்டுக்கு என்ன பலம்? எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் அது ஒன்றும் செய்யாது. ஆனால் துண்டு கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம், இது பஸ்ஸில் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். சீட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

உலகம் முழுக்க ஈமெயில் பெட்டிகளும் பல வருடங்கள் இப்படித்தான் காப்பாற்றப்பட்டன.

யுனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒருவருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே ஒரு ஃபைலில் சேரும். இந்த முறைக்கு எம்பாக்ஸ் என்று பெயர். நாற்பது கடிதம் வந்திருந்தால் நாற்பதும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே நீள நோட்டில் எழுதியது போல இருக்கும். அந்த நோட்டில் கை வைக்கிற புரோகிராம்கள் குறைந்தது இரண்டு. வெளியிலிருந்து வரும் கடிதத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகும் தபால்காரர் ஒன்று. கடிதங்களைப் படிக்கவும் அழிக்கவும் உதவும் புரோகிராம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. பல நேரம் எழுதியவர்களே வேறு வேறு ஊர்க்காரர்கள்.

ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அறை. மாணவர் ஒருவர் தன் பெட்டியைத் திறக்கிறார். படிக்கும் புரோகிராம் நாற்பது கடிதத்தையும் நினைவகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. அவர் பன்னிரண்டு பழைய கடிதங்களை அழித்துவிட்டு வெளியேறும் பட்டனை அழுத்துகிறார். ஃபைலின் நடுவிலிருந்து பன்னிரண்டை மட்டும் உருவி எடுக்க வழி கிடையாது. அதனால் புரோகிராம் மிச்சமிருக்கும் இருபத்தெட்டைக் கொண்டு ஃபைலை முதலிலிருந்து திரும்ப எழுதுகிறது. சரியாக அந்த நேரம் பார்த்துத் தபால்கார புரோகிராம் வந்து நாற்பத்தொன்றாவது கடிதத்தைக் கடைசியில் சேர்க்கிறது. படிக்கும் புரோகிராமுக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. அது தன் கணக்குப்படி இருபத்தெட்டை எழுதி முடிக்கிறது. நாற்பத்தொன்றாவது கடிதம் போயே போய்விட்டது.

எந்த எச்சரிக்கையும் வராது என்பதுதான் இதில் மோசம். தபால்கார புரோகிராம் தன் வேலையை ஒழுங்காக முடித்தது; 'கடிதம் சேர்ந்தது' என்று அனுப்பிய கம்ப்யூட்டருக்குச் சொல்லியும் விட்டது. எனவே அனுப்பியவருக்குத் திரும்பி வராது. மாணவருக்கோ அப்படி ஒரு கடிதம் கிளம்பியதே தெரியாது. அது இன்டர்வியூ அழைப்பாக இருந்தால்? அவர் ஏன் வரவில்லை என்று அந்தப் பக்கம் நினைப்பார்கள், ஏன் கூப்பிடவில்லை என்று இவர் நினைப்பார். இரண்டு தபால்காரர்கள் ஒரே நேரத்தில் வந்தாலும் வம்புதான். ஒரு கடிதத்தின் வரிகளுக்கு நடுவே இன்னொரு கடிதத்தின் வரிகள் புகுந்துவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த பழைய வைத்தியம் அசல் துண்டு போடுகிற வேலைதான். பெட்டியில் கை வைப்பதற்கு முன், அதே பெயரின் பின்னால் '.லாக்' என்ற வாலைச் சேர்த்து ஒரு சின்ன ஃபைலை உருவாக்க வேண்டும். அடுத்து வருகிற புரோகிராம் அந்தக் குட்டி ஃபைலைப் பார்த்தால் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் போட்டவர் எடுத்துவிட வேண்டும்.

சுலபமாகத்தான் தெரிகிறது. ஆனால் 'துண்டு கிடக்கிறதா' என்று பார்ப்பதும் 'இல்லை' என்று தெரிந்து துண்டைப் போடுவதும் இரண்டு தனி வேலைகள். இரண்டுக்கும் நடுவில் கண் இமைக்கும் நேரம் இருந்தால்கூட, எதிர் ஜன்னலிலிருந்து இன்னொருவர் பார்த்து, அவரும் 'இல்லை' என்று முடிவு செய்து, அவரும் போட்டுவிடுவார். ஆகவே பார்ப்பதும் போடுவதும் ஒரே அசைவாக நடக்க வேண்டும். யுனிக்ஸில் அதற்கு ஒரு கட்டளை உண்டு: 'இந்த ஃபைல் இல்லையென்றால் மட்டும் உருவாக்கு, இருந்தால் முடியாது என்று சொல்.' நடுவில் யாரும் புக முடியாதபடி இயங்குதளமே இதைச் செய்து முடிக்கும். இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அது துண்டுதான். கதவுப் பூட்டு போல யாரையும் தடுக்காது. '.லாக்' ஃபைலைத் தேடிப் பார்க்கும் பழக்கமில்லாத புரோகிராம் ஒன்று வந்தால், நேரே பெட்டியைத் திறந்து எழுதிவிட்டுப் போகும். பத்து புரோகிராம்கள் ஒழுங்காக நடந்து ஒன்று நடக்காவிட்டாலும் கடிதத்துக்கு ஆபத்துதான்.

'துண்டு எதற்கு, கண்டக்டரிடமே சொல்லி வைக்கலாமே' என்று அடுத்த யோசனை வந்தது. அதாவது, இந்த ஃபைலை நான் வைத்திருக்கிறேன் என்று இயங்குதளத்திடம் பதிவு செய்வது. நல்ல யோசனை. ஆனால் கண்டக்டர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-ல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி, 'எஃப்லாக்' என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்தவர்கள் 'எஃப்சிஎன்டிஎல்' என்ற கட்டளையைப் பயன்படுத்தினார்கள். லினக்ஸில் இரண்டும் உண்டு, ஆனால் ஒன்றின் பதிவு மற்றதற்குத் தெரியாது. ஒரு புரோகிராம் முன்பக்கக் கண்டக்டரிடம் சீட் கேட்கும், இன்னொன்று பின்பக்கக் கண்டக்டரிடம் கேட்கும். இரண்டு பேரும் 'உனக்குத்தான்' என்பார்கள். எஃப்சிஎன்டிஎல்லுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு புரோகிராம் அதே ஃபைலை இரண்டு முறை திறந்து வைத்திருந்து, அதில் ஒன்றை மூடினாலே பூட்டு மொத்தமும் கழன்றுவிடும். யாருக்கு உபயோகமோ!

சரி, வம்பே வேண்டாம், துண்டையும் போட்டுவிடலாம், கண்டக்டரிடமும் சொல்லிவிடலாம் என்றால்? ஒரு புரோகிராம் முதலில் துண்டைப் போட்டுவிட்டுக் கண்டக்டரைத் தேடும். இன்னொன்று முதலில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் துண்டு போட வரும். ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு மற்றவர் விடட்டும் என்று இரண்டும் நின்றுகொண்டே இருக்கும். அதனால் வரிசையும் முக்கியம். டெபியன் லினக்ஸின் விதிப் புத்தகம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது: பெட்டியைத் தொடும் எல்லா புரோகிராம்களும் இரண்டு பூட்டையும் போட வேண்டும், முதலில் எஃப்சிஎன்டிஎல், அதன் பிறகு '.லாக்' ஃபைல்.

துண்டு போட்டவர் பஸ்ஸில் ஏறவே இல்லையென்றால் என்ன ஆகும்? கரண்ட் போய்விட்டது, அல்லது புரோகிராம் நடுவழியில் செத்துவிட்டது. '.லாக்' ஃபைல் மட்டும் அனாதையாகக் கிடக்கிறது. வருகிற கடிதங்கள் எல்லாம் வாசலில் வரிசை கட்டி நிற்கும். இதற்கு 'புரோக்மெயில்' என்ற பிரபலமான தபால்கார புரோகிராம் ஒரு கணக்கு வைத்திருந்தது. 8 விநாடிக்கு ஒரு தரம் வந்து பார்க்கும். லாக் ஃபைலுக்கு 1024 விநாடி, அதாவது 17 நிமிடம் 4 விநாடி வயதாகிவிட்டால், போட்டவர் இனி வரமாட்டார் என்று முடிவு கட்டி அதைத் தூக்கிப் போட்டுவிடும். நியாயமான கணக்குதான். ஆனால் போட்டவர் சாகவில்லை, வேலைதான் இழுத்துக்கொண்டு போகிறது என்றால்? அதனால் உயிரோடு இருப்பவர் நடுநடுவே தன் துண்டைத் தொட்டு அதன் நேரத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள் நடக்கிற கதை. 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களும் தம்முடையது போலவே பயன்படுத்தலாம். தபால் பெட்டிகளை இப்படிப் பொதுவில் வைப்பது வசதியாக இருந்தது. ஆனால் அதன் இரண்டாம் பதிப்பில் 'இல்லையென்றால் மட்டும் உருவாக்கு' என்ற கட்டளை ஒரே அசைவாக நடக்காது. பார்ப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளி திரும்பி வந்துவிட்டது.

இதற்குப் புரோகிராமர்கள் செய்த தந்திரம் ரசிக்க வேண்டியது. முதலில் வேறு யாருக்கும் இருக்க முடியாத ஒரு பெயரில் ஃபைலை உருவாக்குவது. கம்ப்யூட்டரின் பெயர், புரோகிராமின் எண் இரண்டையும் கோத்தால் அப்படி ஒரு பெயர் கிடைத்துவிடும். பிறகு அதே ஃபைலுக்கு '.லாக்' என்று முடியும் இரண்டாவது பெயரைச் சூட்டும்படி கேட்பது. ஒரு பெயரை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்பதால், போட்டியில் ஒருவர்தான் ஜெயிப்பார். ஆனால் நெட்வொர்க்கில் 'கொடுத்தாயிற்று' என்ற பதில் வழியில் தொலைந்து போகலாம். பதில் வராததால் கேள்வி மறுபடி போகும். 'அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வரும். எடுத்தவர் வேறு யாரும் இல்லை, இவரேதான்! ஆகவே பதிலை நம்பக் கூடாது. தன் ஃபைலுக்கு இப்போது எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு என்றால் பூட்டு தன்னுடையது. லினக்ஸ் கையேட்டில் இந்த வழி இன்றும் அச்சாகி இருக்கிறது.

இப்படிப் பூட்டுக்கு மேல் பூட்டு போட்டுக்கொண்டிருந்தபோது, டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் 1990-களின் நடுவில் பூட்டே வேண்டாம் என்றார். க்யூமெயில் என்ற தன் மென்பொருளோடு அவர் கொண்டுவந்த முறைக்கு மெயில்டிர் என்று பெயர். எல்லாரும் ஒரே நோட்டில் எழுதுவதால்தானே சண்டை? ஒவ்வொரு கடிதத்தையும் தனி ஃபைலாக வைத்துவிட்டால்? பெட்டி ஒரு ஃபோல்டர் ஆகிறது. அதற்குள் மூன்று அறைகள். தபால்காரர் கடிதத்தை முதல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறார். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எழுதி முடித்ததும் 'புதியது' என்ற இரண்டாவது அறைக்கு ஒரே அசைவில் நகர்த்துகிறார். படிக்கும் புரோகிராம் அதைப் பார்த்ததும் மூன்றாவது அறைக்கு மாற்றுகிறது. நடுவில் கரண்ட் போனால் பாதிக் கடிதம் முதல் அறையிலேயே கிடக்கும். சேர்ந்தது என்று யாரும் சொல்லாததால் அனுப்பிய கம்ப்யூட்டர் மறுபடி அனுப்பும். 36 மணி நேரம் யாரும் தொடாமல் முதல் அறையில் கிடப்பதைக் கூட்டித் தள்ளிவிடலாம் என்பது விதி.

விலை இல்லாமல் இல்லை. பத்தாயிரம் கடிதம் என்றால் பத்தாயிரம் குட்டி ஃபைல்கள். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குகள் திணறின. பூட்டும் முழுசாக ஒழிந்துவிடவில்லை. இன்று உலகமெங்கும் ஓடும் டவ்காட் என்ற மெயில் சர்வர், மெயில்டிர் பெட்டிகளிலும் தன் கடித எண் பட்டியலுக்கு ஒரு '.லாக்' ஃபைலைப் போட்டுக்கொள்கிறது. ஆனாலும் எழுதுகிறவர் எழுத, படிக்கிறவர் படிக்க, கடிதம் தொலையாது. அந்த முக்கியமான இடத்தில் பெர்ன்ஸ்டைன் சொன்னது நின்றது.

இன்டர்நெட்டுக்கு டயல் செய்து காத்திருந்த நாட்களில் இந்தப் பூட்டு வீட்டுக்குள்ளும் வந்தது. 1996-ல் வெளியான பாப்3 விதிப்படி, ஒருவர் பெட்டியைத் திறந்தால் சர்வர் அவர் பெயரில் பூட்டிவிடும். அடுத்தவருக்கு அனுமதி இல்லை. போன் லைன் நடுவில் அறுந்தால் கம்ப்யூட்டர் மறுபடி கேட்கும், 'பெட்டி உபயோகத்தில் இருக்கிறது' என்று பதில் வரும். உபயோகிப்பது யார்? சற்றுமுன் அறுந்து போன அதே ஆள்தான். சும்மா இருக்கும் இணைப்பைக் குறைந்தது 10 நிமிடம் விட்டுத்தான் சர்வர் துண்டிக்கலாம் என்பதால் அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்போது போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் மெயிலைத் திறந்து, இங்கே ஒன்றை அழித்தால் அங்கேயும் மறைகிறது. பூட்டும் திறப்பும் சர்வர் பக்கமே நடந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை. ஆனால் பழைய நீள நோட்டு செத்துவிடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களின் கடிதங்கள் வழக்கமான அமைப்பில் இன்றும் எம்பாக்ஸ் முறையில்தான் சேமிக்கப்படுகின்றன: இன்பாக்ஸ் முழுக்க ஒரே ஃபைல். ஆன்டிவைரஸ் புரோகிராம் அந்தப் பக்கம் சோதனைக்கு வருகிறது. மூவாயிரம் கடிதத்தில் ஒன்றில் வைரஸ் இருந்தால், அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரு கடிதம் அல்ல, ஒரு ஃபைல். அந்த ஃபைலைத் தூக்கித் தனி அறையில் அடைத்துவிடும். மறுநாள் திறந்தால் இன்பாக்ஸ் காலி. இதற்காகத்தான் தண்டர்பேர்டின் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதனைப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இன்பாக்ஸ் காலியாகிவிட்டதென்றால், பதறிப் போய் எதையும் அழிப்பதற்கு முன் ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். பல நேரம் மூவாயிரம் கடிதமும் அங்கேதான் இருக்கும்.