யார் தாழ்த்திய பகுதி?

‘தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

வங்கக் கடலில் காற்றழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே போதும், வானொலி, தொலைக்காட்சி, செல்போன் எல்லாத்துலயும் இந்த ஒரே வாக்கியம்தான். வருசா வருசம் ஐப்பசி கார்த்திகையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. இதில் ‘தாழ்வான பகுதி’, ‘பாதுகாப்பான இடம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். புயலுக்குத் தயாராவது என்று அரசு சொல்வதன் மொத்த அரசியலும் இந்த இரண்டுக்குள்தான் கிடக்கிறது.

தாழ்வான பகுதி எது? நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். மேட்டில் கோயில். கோயிலைச் சுற்றி ஊர்த்தெரு. அப்புறம் வயல். வயலைத் தாண்டி, வடிகால் ஓரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில் சேரி. ஊரில் பெய்த மழை நம்ம வாசலில் வந்துதான் நிக்கும். இதை வரைபடத்தில் ‘தாழ்வான பகுதி’ என்று குறிக்கிறார்கள், ஏதோ பூமி தானாகவே அந்த இடத்தில் மட்டும் குனிந்துகொண்டது மாதிரி. மேட்டை எவன் எடுத்துக்கொண்டான், பள்ளத்தை எவனுக்குத் தள்ளினான் என்ற கேள்வியை வானிலை அறிக்கை கேட்காது. நாம் கேட்க வேண்டும்.

பள்ளம் போதவில்லை என்று 1990களில் இறால் பண்ணை வேறு வந்தது. கரையெழுப்பி வடிகாலை மறித்தார்கள். உப்புத்தண்ணி குடிதண்ணிக் கிணத்துல எறங்குச்சு. நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண்கள்தான் குழிவெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் போய்ப் படுத்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை அப்புறப்படுத்தச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தடையைச் செல்லாக்காசாக்கியது. புயல் தண்ணி வடிய வழியில்லாத சேரிக்கு ‘வெளியேறுங்கள்’ என்று உத்தரவு போடுகிற அதே அரசுதான் பண்ணைக்கு உரிமமும் கொடுக்கிறது.

சரி, வெளியேறுகிறோம். எங்கே?

பள்ளிக்கூடம். சமுதாயக்கூடம். கல்யாண மண்டபம். தமிழகக் கடலோரத்தில் அரசு கட்டிவைத்திருக்கும் 121 பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள். இவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது? தலைமையாசிரியர் ராத்திரி டவுனுக்குப் போய்விடுவார். மண்டபம் ஒரு சாதிச் சங்கத்துக்குச் சொந்தம். சாவி எந்தத் தெருவில் தொங்குகிறதோ அந்தத் தெருவுக்குத்தான் அது பாதுகாப்பான இடம்.

2018 நவம்பர் 15. மறுநாள் விடியுமுன் கஜா கரையேறப் போகிறது. வேதாரண்யம் வட்டாரத்தில் ஒரு காலனியில் நாங்கள் நாலு பேர் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருந்தோம். ஒரு கிழவி மட்டும் அசையவில்லை. கூரைக் கழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“கெளம்பு அம்மாயி, பெரிய புயலாம்.”

“போயி எங்க தம்பி ஒக்கார்றது? தானேவா என்னமோ பேர் சொன்னானுவளே, அந்தப் புயலுக்குப் போனேன். உள்ள எடமில்லன்னு தாழ்வாரத்துல நிக்க வச்சானுவ. சாரல்ல நனையிறதுக்கு நம்ம குடிசையிலயே நனையலாமே. ஆட்ட வேற யாரு பாப்பா?”

இந்த நாலு வாக்கியத்துக்கு எந்தப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலும் பதில் இல்லை. மறுநாள் அதிகாரிகள் என்ன பேசிக்கொள்வார்கள்? ‘எவ்வளவு சொல்லியும் வர மாட்டேங்குறாங்க சார், படிப்பறிவு இல்லாத ஜனம்.’ அந்தக் கிழவிக்கு அறிவில்லையா? முன்பட்ட அவமானத்தையும் வரப்போகிற காற்றையும் எடைபோட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. அவமானம் உறுதி, காற்று ஒருவேளை திசை மாறலாம். ஆடு இரண்டும் அவளுடைய மொத்த முதல். (கடைசியில் ஆட்டையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். பள்ளிக்கூடத்தில் ஆட்டுக்குத் தகராறு பண்ணினார்கள். ஆட்டுக்கா, ஆட்டை இழுத்துவந்த கைக்கா என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.)

‘புயலுக்குச் சாதி தெரியுமா? சாவு வீட்லயும் சாதி பேசுறீங்களேப்பா’ என்று நமக்கு உபதேசம் செய்ய ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. புயலுக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கீற்றுக் கூரைக்கும் காங்கிரீட் கூரைக்கும் வித்தியாசம் புயலுக்கு நன்றாகத் தெரியும். எவன் தலைக்கு மேல் எது இருக்கிறது என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்மானித்து வைத்துவிட்டது. புயல் வந்து அதன்படி வேலையை முடித்துவிட்டுப் போகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. முகாம்களில் தலித்துகளைத் தனியே ஒதுக்கியதும், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாததும், நிவாரண லாரி காலனிக்கு வராமலே திரும்பியதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. பிணம் எடுக்க மட்டும் நாம் வேண்டியிருந்தது. வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அழுகிய உடல்களைப் பலபேர் வெறுங்கையால் தூக்கினார்கள். கடலோரம் என்றால் கடலில் போகிறவர் மட்டும்தான் என்பது அரசின் கணக்கு. வாய்க்காலிலும் கழிமுகத்திலும் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவள், கரையில் மீன்கூடை சுமக்கிறவள், உப்பளத்தில் காலை வேக வைக்கிறவள் எந்தப் பட்டியலிலும் இல்லை. மீனவத் தோழர்களோடு நமக்குச் சண்டையில்லை. மேட்டுத்தெருக்காரன் பார்வையில் அவர்களும் நாறுகிறவர்கள்தான். ஆனால் முகாமுக்குள் நம்மைக் கண்டு அவர்களே முகம் திருப்பினால், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒடிசாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். கற்போம். 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் அங்கே செத்தவர்கள் சுமார் 10,000 பேர். 2013இல் பைலின் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு நூறைத் தொடவில்லை. 2019 மே 3 அன்று ஃபானி. 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஒடிசாவில் இறந்தவர் 64 பேர். முன்தயாரிப்பு உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உலகமே பாராட்டியது. அதே ஃபானியின்போதுதான், பூரி மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒதுங்க வந்த தலித் குடும்பங்களைச் சாதி இந்துக்கள் உள்ளே விடவில்லை, அவர்கள் ஆலமரத்தடியில் கிடந்தார்கள் என்று செய்தி வந்தது. கட்டடம் இருந்தது, எச்சரிக்கை இருந்தது, வண்டியும் இருந்தது. வாசலில் மனு நின்றான்.

எச்சரிக்கை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புயல், வெள்ளம், எதுவானாலும் இந்த மண்ணில் தெருத்தெருவாகச் சேதி சொன்னது யார்? தண்டோரா. பறையைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு முழுக்க ‘எல்லாரும் பத்திரமா இருங்க சாமியோவ்’ என்று கத்தியவன் நம்ம பாட்டன். ஊரைக் காப்பாற்றிவிட்டு நனைந்த பறையோடு ஒழுகுகிற குடிசைக்குத் திரும்பியவன். 2022 ஆகஸ்டில் அரசுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, ஒலிபெருக்கி இருக்கும் காலத்தில் தண்டோரா வேண்டாம் என்றார். நல்லது. பறை போனது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தார்ச்சாலையோடு திரும்பிவிடுகிறதே, அது காலனிக்குள் வருவதற்கு எவன் கடிதம் எழுதுவான்?

புயல் முடிந்ததும் நிவாரணம் என்று நினைக்கிறோம். தப்பு. நிவாரணப் பட்டியல் புயலுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. பட்டா இருப்பவன், ரேசன் கார்டு இருப்பவன், வங்கிக் கணக்கு இருப்பவன் அதில் ஏற்கெனவே இருக்கிறான். கஜாவுக்குப் பிறகு அரசு அறிவித்ததைப் பாருங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. முழுசாக அழிந்த குடிசைக்கு 10,000. ஒரு குடும்பம் பிறந்து வளர்ந்து செத்த குடிசையின் விலை ஒன்பது தென்னை மரம்! மரத்துக்காரனுக்கு இழப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனும் நொறுங்கித்தான் போனான். மரமேறியவனுக்கு? மட்டை உரித்தவளுக்கு? கீற்று முடைந்த கிழவிக்கு? புதுக் கன்று நட்டுக் காய் பறிக்க அஞ்சாறு வருசம் ஆகும். அத்தனை வருசக் கூலி எந்தக் கணக்கிலும் வரவில்லை. கூரை வேயக் கீற்றுக்கும் வழியில்லாமல் தார்ப்பாய்க்கடியில் வெந்துகொண்டு கிடந்தோம். தென்னை விழுந்தபோது கீற்றும் விழுந்தது, கூலியும் விழுந்தது, இரண்டும் நம்முடையது.

கூரையைப் பற்றி இன்னொன்று. இதே கீழத்தஞ்சை மண்ணில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்து வந்த கஜாவுக்கும் நாம் கீற்றுக் கூரைக்குள்தான் இருந்தோம் என்றால் நடுவில் வந்துபோன ஆட்சிகளெல்லாம் என்ன கிழித்தன? கட்டித் தந்த தொகுப்பு வீடுகளின் லட்சணம் தெரியும். மழை வந்தால் உள்ளே படுக்கிறவன் மேலே பார்த்துக்கொண்டே படுக்கிறான், காரை எப்போது பெயர்ந்து விழும் என்று.

நம் பக்கத்து அழுக்கையும் பேசுவோம். கஜா ராத்திரியில் பட்டுக்கோட்டைப் பக்கம் 14 வயசுச் சிறுமி செத்தாள். பூப்பெய்தியதற்காகத் தோப்புக்குள் தனிக்குடிசையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். தென்னை சாய்ந்தது. புயல் எச்சரிக்கை வந்த பிறகும் ‘தீட்டு’ வீட்டுக்குள் வரக்கூடாது! எந்தச் சாதியில் நடந்தது என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நம்ம தெருவிலும் இந்தத் தனிக்குடிசை இருக்கிறது. தீண்டாமையை எதிர்க்கிறவன் தன் மகளைத் தீண்டத்தகாதவளாக்கி மழையில் உட்கார வைப்பானா? வைக்கிறான். முகாமில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை, மறைப்பு இல்லை, அதனால் தண்ணிகூடக் குடிக்காமல் இரண்டு நாள் இருக்கிறார்கள். நம்ம அமைப்புகளின் மனுக்களில் இது எத்தனையாவது கோரிக்கையாக வருகிறது? வருகிறதா?

என்ன செய்யலாம் என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். புயலுக்கு அப்புறம் அரிசி மூட்டையோடு வேனில் வருவதை முதலில் குறையுங்கள். புரட்டாசியில் வாருங்கள். காலனியில் உட்கார்ந்து நம் கணக்கை நாமே எழுதுவோம். எத்தனை குடிசை, எத்தனை கிழடு, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எத்தனை ஆடு மாடு. ரேசன் கார்டு, சாதிச் சான்றிதழ், பட்டா இருந்தால் பட்டா, எல்லாத்தையும் நகலெடுத்து பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். குடிசையையும் கால்நடையையும் போட்டோ எடுத்து வையுங்கள். ‘ஒனக்கு வீடு இருந்துச்சா’ என்று அப்புறம் கேட்பான். கூரையைக் கயிறு போட்டு முளையடித்துக் கட்ட இளைஞர்கள் பத்துப்பேர் போதும்.

வங்கதேசத்தில் 1970 போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே கிராமத்து ஆட்களையே தொண்டர்களாக்கினார்கள். கொடியும் கையொலிபெருக்கியும் அவர்கள் கையில். இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள், அதில் பாதிப்பேர் பெண்கள். நம் ஊரில் ‘முதல்நிலைப் பொறுப்பாளர்’ பட்டியலை வாங்கிப் பாருங்கள். காலனிப் பெண் ஒருத்தி பேர் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், பிறப்பு, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. பருவமழை ஆய்வுக் கூட்டத்தில் இதை எந்த ஆட்சியராவது வாசித்திருக்கிறாரா? நாம் போய் வாசிப்போம். முகாமில் சேர்க்க மறுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3ஆம் பிரிவு, கண்டுகொள்ளாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவு என்று துண்டறிக்கை அடித்து, புயல் வருமுன்னே பள்ளிச் சுவரில் ஒட்டுவோம்.

ஒவ்வொருத்தராகப் போய்த் தாழ்வாரத்தில் நிற்கிற வேலை இனிமேல் வேண்டாம். 1927இல் மகாத் குளத்துக்கு அம்பேத்கர் கூட்டமாகத்தான் போனார். தெரு மொத்தமும், கிழவிகள் முன்னால், ஆடுகளோடு, பகலிலேயே கிளம்பிப் போய் நடு அறையில் பாயை விரிப்போம். பொது அடுப்பு. நம்ம பெண்களும் சேர்ந்துதான் சமைப்பார்கள். சாப்பிட மாட்டேன் என்கிறவன் காற்றைக் குடித்துக்கொள்ளட்டும்.

இந்த வருசத்துக்கு ஒரே ஒரு வேலையைக் கையில் எடுப்போம். கிராமசபையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுத்து, கொடுக்க மறுத்தால் வாசலில் உட்கார்ந்து, ஐப்பசி பிறப்பதற்குள் பள்ளிக்கூடத்துச் சாவியில் ஒன்று நம்ம தெருவுக்கு வந்தாக வேண்டும். எந்தெந்தக் காலனிக்கு வந்தது, எங்கே மறுத்தார்கள், என்ன சொல்லி மறுத்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஊர் ஊராகப் போடுவோம்.