கல்லாப்பெட்டி முன்னால் ஒரு கணக்குப் பரீட்சை!



தேர்வு முடிந்தால் ட்ரீட், பிறந்தநாள் வந்தால் ட்ரீட், மேட்ச்சில் ஜெயித்தால் ட்ரீட்... ட்ரீட் என்றாலே இப்போது பர்கர் கடை, பீட்சா கடை, இல்லாவிட்டால் தெருமுனை பாஸ்ட் புட் கடைதான், இல்லையா?

"அதெல்லாம் அடிக்கடி சாப்பிடாதே, உடம்புக்கு ஆகாது" என்று சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும், எப்போதாவது ஒரு நாள் போகத்தான் போகிறீர்கள். அப்படிப் போகும்போது கையில் இருக்கும் காசைப் புத்திசாலித்தனமாகச் செலவு செய்வது எப்படி? அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் பொய் சொல்வதில்லை. விலை எல்லாம் பலகையில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால், எதைப் பெரிய படமாகப் போடுவது, எதை ஓரத்தில் சின்ன எழுத்தில் போடுவது, எந்த விலைக்குப் பக்கத்தில் எந்த விலையை வைப்பது என்று யோசிப்பதற்கென்றே பெரிய நிறுவனங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிதானமாக உட்கார்ந்து யோசித்ததற்கு நீங்கள் அரை நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். பின்னால் நீண்ட வரிசை, வயிற்றில் பசி, மூக்கில் வாசனை! இதில் யார் ஜெயிப்பார்கள்?

கவலைப்படாதீர்கள். உங்களிடமும் ஒரு ஆயுதம் இருக்கிறது. அதுதான் உங்கள் கணக்குப் பாடம்!

கணக்கு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உண்மைச் சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடையின் 'கால் பவுண்டு' பர்கர் மிகவும் பிரபலம். 1980-களில் அதற்குப் போட்டியாக 'ஏ அண்ட் டபிள்யூ' என்ற நிறுவனம் 'மூன்றில் ஒரு பங்கு பவுண்டு' பர்கரைக் கொண்டுவந்தது. ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். அதில் கால் பங்கு 113 கிராம். மூன்றில் ஒரு பங்கு 151 கிராம். அதாவது புதிய பர்கரில் 38 கிராம் அதிகம். விலையோ கூடுதல் இல்லை. அப்படியானால் கூட்டம் அலைமோதி இருக்க வேண்டும் அல்லவா? ஆனால், விற்பனை படுத்துவிட்டது!

காரணம் என்ன என்று விசாரித்தார்கள். "மூன்றில் ஒன்றுக்கு ஏன் நான்கில் ஒன்றின் விலையைக் கொடுக்க வேண்டும்? மூன்றை விட நான்குதானே பெரியது?" என்று பலரும் நினைத்துக்கொண்டார்களாம்! அந்த நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த ஆல்பிரட் டாப்மன் பிற்காலத்தில் தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். "பின்னம் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று இனி யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பீட்சா கடையில் சின்ன பீட்சாவின் விட்டம் 7 அங்குலம், நடுத்தர பீட்சாவின் விட்டம் 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மூன்று அங்குலம்தானே அதிகம்!" என்று தோன்றும். ஆனால், நாம் சாப்பிடுவது விட்டத்தை அல்ல; பரப்பளவை! வட்டத்தின் பரப்பளவு சூத்திரம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். 7 அங்குல பீட்சா சுமார் 38 சதுர அங்குலம். 10 அங்குல பீட்சா சுமார் 78 சதுர அங்குலம். அதாவது இரண்டு சின்ன பீட்சாவும் ஒரு நடுத்தர பீட்சாவும் கிட்டத்தட்ட ஒன்றே!

சூத்திரம் இன்னும் படிக்காத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அங்குலத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். 7 x 7 = 49. 10 x 10 = 100. அவ்வளவுதான்! இப்போது விலையைப் பாருங்கள். இரண்டு சின்னதை வாங்குவதை விட ஒரு நடுத்தரம் மலிவாக இருந்தால் அதை வாங்கிப் பங்கு போடலாம். சில நாள் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று சின்னதற்குச் சலுகை இருக்கும். அன்றைக்குச் சின்னதே லாபமாக இருக்கலாம். தெருமுனைக் கடை பிரைடு ரைஸுக்கும் இதே கேள்விதான். இரண்டு ஹாப் பிளேட் வாங்குவதா, ஒரு புல் பிளேட் வாங்கி இரண்டு பேர் சாப்பிடுவதா? "பெரியதுதான் லாபம்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கணக்குப் போட்டுவிட்டு நம்புங்கள்.

அடுத்து 'காம்போ'. ஒரு பர்கர் 80 ரூபாய், பிரெஞ்சு பிரைஸ் 90 ரூபாய், கோலா 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக வாங்கினால் 240. காம்போவாக வாங்கினால் 199. "ஆகா, 41 ரூபாய் மிச்சம்!" என்று மனம் துள்ளும். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது மூன்றையும் சாப்பிடவா நினைத்தீர்கள்? பர்கர் மட்டும்தான் ஆசை என்றால், 80 ரூபாயில் முடிய வேண்டியது 199 ரூபாய் ஆகிவிட்டது. 41 ரூபாய் மிச்சம் இல்லை. 119 ரூபாய் கூடுதல் செலவு!

நீங்களும் நண்பரும் போகிறீர்கள். ஆளுக்கொரு காம்போ என்றால் 398 ரூபாய். அதற்குப் பதில் இரண்டு பர்கர், நடுவில் வைத்துச் சாப்பிட ஒரு பிரெஞ்சு பிரைஸ், குடிக்கத் தண்ணீர். மொத்தம் 250 ரூபாய். இரண்டு பேர் வயிறும் நிறையும். 148 ரூபாய் கையில் நிற்கும். தண்ணீருக்கு வெட்கப்பட வேண்டாம். "குடிக்கத் தண்ணீர் கொடுங்கண்ணா" என்று தைரியமாகக் கேளுங்கள். பள்ளிக்குக் கொண்டுபோகும் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கோலாவைத் தவிர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. கிட்டத்தட்ட எட்டு டீஸ்பூன்! வீட்டில் டீயில் அம்மா எட்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் குடிப்பீர்களா?

"பெரிய கப் வாங்கிக்கோங்க, 5 ரூபாய்தான் அதிகம்" என்று கவுன்டரில் கேட்பார்கள். சின்ன கப் 60, நடுத்தரம் 85, பெரியது 90 என்று பலகையில் இருக்கும். 85-க்கும் 90-க்கும் 5 ரூபாய்தானே என்று பெரியதை வாங்கிவிடுவோம். உண்மையில், பெரிய கப்பை மலிவாகக் காட்டுவதற்காகவே அந்த நடுத்தரக் கப்பை அங்கே வைப்பதுண்டு! உங்கள் தாகத்துக்கு 60 ரூபாய் கப் போதும் என்றால், மற்ற இரண்டையும் பார்க்கவே வேண்டாம்.

இந்தப் 'பெரியது' யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் டேவிட் வாலர்ஸ்டீன் என்பவர் சினிமா தியேட்டர்களை நிர்வகித்து வந்தார். எவ்வளவு முயன்றும் ஒருவர் இரண்டு பாப்கார்ன் பொட்டலம் வாங்குவதே இல்லை. இரண்டு வாங்கினால் "சாப்பாட்டு ராமன்" என்று பிறர் நினைப்பார்களோ என்ற கூச்சம்! உடனே வாலர்ஸ்டீன், ஒரே பொட்டலத்தைப் பெரிதாக்கினார். விற்பனை எகிறியது. பிறகு அவர் மெக்டொனால்ட்ஸ் நிர்வாகக் குழுவில் சேர்ந்து, பிரெஞ்சு பிரைஸுக்கும் பெரிய பொட்டலம் கொண்டுவரும்படி வலியுறுத்தினார். நமக்குப் பசி கூடியதால் பொட்டலம் பெரிதாகவில்லை. கடைக்கு விற்பனை கூட வேண்டும் என்பதால் பெரிதானது.

சாப்பிட்டாயிற்று. பில் வருகிறது. அதையும் படியுங்கள்! பெரும்பாலான உணவகங்களில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு. பலகையில் 250 ரூபாய் என்றால் வரியோடு 262 ரூபாய் 50 காசு. சரியாக 250 ரூபாய் மட்டும் கொண்டுபோனால் திண்டாட வேண்டியதுதான். எனவே, வரிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களில் சில சமயம் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அது அரசாங்க வரி அல்ல. அதை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. 2025-ஆம் ஆண்டு டில்லி உயர் நீதிமன்றமும் அது சரியென்று தீர்ப்பளித்தது. அப்பா பில்லைப் பார்க்காமல் பணத்தை எடுத்தால், "அப்பா, ஒரு நிமிஷம்!" என்று நீங்கள் சொல்லலாம். நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கே வரவழைப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. "இன்னும் 75 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று செல்போனில் எழுத்து மின்னும். டெலிவரிக் கட்டணம் 40 ரூபாய் என்று வையுங்கள். 40 ரூபாயைக் காப்பாற்ற 75 ரூபாய் செலவழிப்பது என்ன கணக்கு? தவிர, பார்சல் கட்டணம், செயலிக் கட்டணம் என்று வேறு சேரும். கடை பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது என்றால், பெரியவர்களோடு நடந்தே போய் வந்துவிடலாமே!

விலைக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் கலோரி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு உணவிலும் எவ்வளவு கலோரி என்று விலைப்பட்டியலில் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கிலோ கலோரி என்பது பொதுவான அளவு. ஒரே வேளையில், ஒரே தட்டில் அதில் பாதி வந்துவிட்டால் யோசிக்க வேண்டும் அல்லவா? ரூபாய் ஒரு விலை என்றால், கலோரி இன்னொரு விலை. முதலாவதைப் பர்ஸ் கொடுக்கிறது. இரண்டாவதை உடம்பு கொடுக்கிறது.

இதுவரை சொன்னதை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ட்ரீட்டுக்குப் போகிறீர்கள். எல்லோரும் ஆர்டர் செய்கிறார்கள். ஒருவர் மட்டும், "எனக்குப் பசியில்லைடா, நீங்க சாப்பிடுங்க" என்கிறார். அவருக்கு நிஜமாகவே பசியில்லாமல் இருக்கலாம். கையில் காசு இல்லாமலும் இருக்கலாம். "ஏன், காசு கொண்டு வரலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி ஒருவரை எவ்வளவு கூச வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கும் கணக்கில் வழி இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே, "ஆளுக்கு எவ்வளவு முடியும்?" என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரால் குறைவாகத் தர முடியுமோ, அந்தத் தொகையையே எல்லோருக்கும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 60 ரூபாய், ஐந்து பேர் என்றால் 300 ரூபாய். அதற்குள் என்ன கிடைக்குமோ, அதை வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். அந்தப் பணத்துக்குப் பீட்சா கட்டுப்படியாகாதா? பஜ்ஜிக் கடைக்கோ, தோசைக் கடைக்கோ போங்களேன்! ட்ரீட் என்பது ஒன்றாக உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடுவதுதானே? கூட்டத்தில் ஒருவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது எப்படி ட்ரீட் ஆகும்?

அதேபோல, "அவன் பிறந்தநாளுக்குப் பீட்சா கடையில் ட்ரீட் வைத்தான், நானும் வைக்கணும்" என்று வீட்டில் அடம் பிடிப்பவர்களும் இருக்கிறீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கிலோ அரிசி, ஒரு பாக்கெட் பால், ஒரு டஜன் முட்டை இதெல்லாம் என்ன விலை என்று அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் நீங்கள் கேட்கும் ட்ரீட்டின் விலையை எழுதுங்கள். இரண்டையும் ஒருமுறை பார்த்த பிறகும் கேட்கத் தோன்றினால் கேளுங்கள். இது உங்கள் ஆசைக்குத் தடை போடுவதற்காக அல்ல. கேட்பது எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டு கேட்பதற்காக.

ஆகவே செல்லங்களே, அடுத்த முறை கிளம்பும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். என்ன சாப்பிடப் போகிறோம், எவ்வளவு செலவழிக்கப் போகிறோம் என்று வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். கவுன்டரில் என்ன கேட்டாலும் சீட்டில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பில்லையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால், அந்தப் பரீட்சையில் உங்களுக்கு நூற்றுக்கு நூறு! மிச்சமான காசு உண்டியலில் விழும் சத்தத்தையும் கேட்டுவிடுங்கள்.

என்ன, அடுத்த ட்ரீட்டுக்குப் பென்சிலும் சீட்டும் தயாரா?