கூகுள்ல உங்க பேர் என்ன சொல்லுது?

உங்க பேரை கூகுள்ல தேடிப் பார்த்திருக்கீங்களா? நீங்க பார்க்கலைன்னாலும் ஹெச்.ஆர் பார்ப்பார். வரன் பார்க்கிறவங்க கண்டிப்பா பார்ப்பாங்க.

கிரிமினல் வழக்கு ஒன்றில் 2014-ல் ஒருவரை விடுதலை செய்தது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆனாலும் அவர் பேரைத் தேடினால் தீர்ப்பு வந்து நின்றது. படிக்கிறவங்க யாரும் கடைசிப் பக்கம் வரைக்கும் ஸ்க்ரோல் பண்ண மாட்டாங்களே! பேரை மறைக்கச் சொல்லி அவர் கேட்டதை 2021-ல் தனி நீதிபதி ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

ஐரோப்பாவில் 2014-லேயே இதற்கு வழி பிறந்துவிட்டது. கடனுக்காகத் தன் சொத்து ஏலத்துக்கு வந்த 1998-ம் ஆண்டு பத்திரிகை அறிவிப்பு இன்னமும் துரத்துதேன்னு ஒரு ஸ்பெயின்காரர் போட்ட வழக்கு அது. அங்கே பழைய பக்கம் அழியாது. பேரைப் போட்டுத் தேடினா மட்டும் வராது. நல்ல ஏற்பாடுதான். 'அரசியல்வாதிங்க பழைய ஊழலை மறைச்சுட்டா?' நியாயமான பயம். அதனாலதான் பொது வாழ்க்கையில் இருக்கிறவங்களுக்கு அங்கேயும் இது லேசில் கிடைக்காது.

நம்ம 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கு. ஆனா, சட்டப்படி பொதுவெளியில் வைத்தே ஆகணும் என்கிற தகவலுக்கு அது செல்லாது. தீர்ப்புல இருக்கிற பேர் அதில் சேருமா? அங்கேதான் சிக்கல்.

உங்க போன் நம்பரோ வீட்டு முகவரியோ தேடலில் வந்தால், நீக்கச் சொல்லி கூகுள்கிட்டயே கேட்கலாம். அதுக்குத் தனியா ஃபார்ம் இருக்கு.